புதைபொருளும் பிள்ளைகளின் வேதபாடமும்



மலையகத்துத் தோட்டமொன்றில் ஞாயிற்றுக்கிழமைக் காலை எவ்வாறு இருக்கும் என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். மற்றைய நாட்களிற் கொழுந்துக் கூடைகள் ஏறிச் செல்லும் அதே மேட்டுப்பாதையில், அன்று பிள்ளைகள் தலை வாரிப் பூச்சூடி நடப்பார்கள். பனி கலையுமுன்னரே, தகரக் கூரை வேய்ந்த சிறிய தேவாலயத்தின் பின்புறத்து வாங்குகளில் பதினைந்து இருபது பேர் வந்து அமர்ந்துவிடுவார்கள். அதுதான் ஞாயிறு பாடசாலை. 1854 ஆம் ஆண்டில் அங்கிலிக்கன் திருச்சபையினர் தோட்டத் தமிழரிடையே தனியொரு மிஷன் பணியைத் தொடங்கினர். அதன்பின், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசிமார் லயம் லயமாக நடந்து வேதக்கதை சொன்ன மரபின் தொடர்ச்சியே இன்றும் அவ்வாங்குகளில் நடைபெறுகிறது.

அத்தகைய ஒரு வகுப்பில் அட்டனை அடுத்த தோட்டமொன்றிலே பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். புதைபொருள் ஆராய்ச்சி பிள்ளைகளின் வேதபாடத்துக்கு எவ்வாறு துணைசெய்யக் கூடும் என்பதை, அந்த அனுபவத்தைக் கொண்டே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஒருநாள், காணாமற்போன காசின் உவமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த ஒரு பெண் அவற்றில் ஒன்றைத் தொலைத்துவிடுகிறாள்; விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, அதைக் கண்டுபிடிக்கும்வரை தேடுகிறாள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும் கதை அது. முன்வரிசையிலிருந்த சிறுமியொருத்தி கையை உயர்த்தி, “சேர், விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக் கூடாது என்று எங்கள் அம்மாயி சொல்லுவாங்களே, அந்த அம்மா ஏன் விளக்கு வைத்துவிட்டுக் கூட்டினாங்க?” என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கோ விடை தெரியவில்லை. பகலிற் பெருக்கியிருக்கலாமே, பகலென்றால் விளக்கு எதற்கு என்ற ஐயம், அத்தனை ஆண்டுகள் அந்தக் கதையைச் சொல்லியும் எனக்கு ஒருமுறைகூட எழுந்ததில்லை.

அந்த வாரம் நூல்களைத் தேடிப் படித்தேன். கலிலேயாக் கடலோரத்திலுள்ள கப்பர்நகூமில், 1968 ஆம் ஆண்டு முதல் பிரான்சிஸ்கன் துறவியரான கோர்போ, லொப்ரேதா ஆகிய இருவரும் விரிவான அகழாய்வு நடத்தினர். இயேசு வாழ்ந்த காலத்து எளிய மக்களின் வீடுகள் அங்கே வெளிப்பட்டன. கருங்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய சுவர்கள். ஒரு பொது முற்றத்தைச் சுற்றிச் சிறு சிறு அறைகள். வெளிச்சம் புகுவதற்கு மிகக் குறைந்த வழி. தரையிலும் கற்களே பாவப்பட்டிருந்தன. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இடுக்குகள். இத்தகைய அறையில் ஒரு காசு விழுந்தால், நண்பகலிலும் விளக்கின்றி அது கண்ணிற் படாது. அக்காலத்து விளக்குகளோ உள்ளங்கைக்குள் அடங்கும் மண் அகல்கள். ஒலிவ எண்ணெயில் திரி நனைந்து எரிபவை. அவையும் அந்நாட்டு மண்ணிலிருந்து ஏராளமாக அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன.

அடுத்த ஞாயிறு இதனைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அப்பொழுது பின்வாங்கிலிருந்த ஒரு பையன் எழுந்து, “எங்கள் காம்பராவிலும் பகலிலேயே விளக்கு வேணும் சேர்” என்றான்.

நேயர்களே, அந்தப் பையன் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், ஒரே வாசல் வழியே வெளிச்சம் வரும் பழைய லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவன். அதுவரை எங்கள் வகுப்புச் சுவரில் தொங்கிய படங்கள் அயல்நாட்டில் அச்சானவை. அவற்றிலே பொன்னிற முடியுடைய மேய்ப்பர்களும், அகன்ற சாளரங்களுடைய மாளிகைகளுமே இருந்தன. வேதக்கதைகள் யாவும் துரைமார் பங்களாவிலே நடந்தவை போலவே அப்பிள்ளைகள் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் கப்பர்நகூமின் கருங்கல் அறை அவனுக்குத் தெரிந்த அறை. பொது முற்றத்தைச் சுற்றி அடுத்தடுத்து வாழும் குடும்பங்கள் அவனுக்குத் தெரிந்த குடும்பங்கள். காசு கிடைத்ததும் அந்தப் பெண் அயலவளை அழைத்து மகிழ்ந்தாள் என்று உவமை முடிகிறதல்லவா? அது எவ்வளவு இயல்பானது என்பதை லயத்துப் பிள்ளைக்கு நாம் விளக்க வேண்டியதேயில்லை.

அந்தக் காசின் கதையும் இத்துடன் முடியவில்லை. வரி கொடுப்பது முறையோ என்று இயேசுவைக் கேட்டவர்களிடம் அவர் ஒரு நாணயத்தை வாங்கி, இதிலுள்ள உருவம் யாருடையது என்று வினவினார். அவர் போதித்த நாளில் உரோமையை ஆண்டவன் திபேரியு இராயன். அதே திபேரியுவின் முகம் பதித்த வெள்ளிக்காசுகள் தமிழ்நாட்டிற் கொங்கு நாட்டுப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. 1898 ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாக வெளிப்பட்டன. அவற்றிலும் திபேரியுவின் காசுகள் உண்டு. மிளகுக்கும் முத்துக்கும் மணிகளுக்கும் விலையாகக் கடல்கடந்து வந்த செல்வம் அது. புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தம் முன்னோர் வந்ததாகப் பாட்டிமார் சொல்லக் கேட்ட பிள்ளைகளிடம் இதனைச் சொல்லிப் பாருங்கள். எருசலேமில் இயேசுவின் கையிலிருந்த காசின் இனத்தைச் சேர்ந்த காசு நம் பாட்டனார் ஊர் மண்ணிலும் கிடந்தது என்றறிந்தால், அவர்களின் கண்கள் விரிவதைக் காண்பீர்கள்.

இன்னோர் உதாரணம் கூறுகிறேன். அட்டனிலிருந்து கொட்டகலைக்குப் புகையிரதத்திற் செல்வோர் சிங்கமலைச் சுரங்கத்தை அறிவர். அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, உள்ளே வளைந்து செல்வதால் ஒரு வாசலில் நின்றால் மறு வாசல் தெரியாது. வண்டி அதற்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சலிடுவது வழக்கம். ஏறத்தாழ அதே நீளமுள்ள, 533 மீற்றர் நீளமான ஒரு சுரங்கம் எருசலேமிலும் இருக்கிறது. அசீரியப் படை வருமென அஞ்சிய எசேக்கியா அரசன், கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவரச் செய்தான் என்று வேதாகமம் கூறுகிறது. அவன் வெட்டுவித்த வாய்க்கால் இதுவே என்பது பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. பிறவிக் குருடன் கண் கழுவிப் பார்வை பெற்றதாக யோவான் எழுதும் சீலோவாம் குளத்துக்கு நீர் வந்ததும் இவ்வழியாகவே.

1880 ஆம் ஆண்டில் அந்த நீரில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள், சுரங்கச் சுவரில் எழுத்துக்கள் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். பழைய எபிரேய எழுத்தில் ஆறு வரிகள். இரு முனைகளிலிருந்தும் கல்வெட்டிகள் குடைந்து வந்தனர். இடையே மூன்று முழம் மீந்திருந்தபோது ஒருவரையொருவர் அழைக்கும் குரல் பாறையூடாகக் கேட்டது. பின்னர் உளியும் உளியும் சந்தித்தன. நீர் 1200 முழம் பாய்ந்தது. இதுவே அவ்வரிகளின் செய்தி.

இங்கே பிள்ளைகள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. வேதாகமம் இந்த வேலையைச் சொல்லும்போது அரசனின் பெயரைச் சொல்கிறது. சுரங்கத்துக் கல்வெட்டிலோ அரசனின் பெயரே இல்லை. வேலை செய்தவர்களே அதில் பேசப்படுகிறார்கள். 1880களில் இம்மலைகளைக் குடைந்து நானுஓயாவரை இருப்புப்பாதை இட்ட பணியிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்புக் கலந்திருக்கிறது. துரைமாரின் பெயர்கள் தேவாலய முற்றத்துக் கல்லறைகளில் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சுரங்கம் குடைந்தவர்களின் பெயர்களோ எந்தக் கல்லிலும் இல்லை. “அவர்களுக்கும் ஆறு வரி எழுதலாமே சேர்” என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். அன்று வகுப்பில் எல்லோரும் ஆறாறு வரி எழுதினார்கள். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

புதைபொருள் என்பது தொலைதேசத்தில் மட்டுமே உள்ளதென்று எண்ணவும் வேண்டாம். 1969 ஆம் ஆண்டில் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மறைந்தது. கடும் வரட்சியில் நீர்மட்டம் தாழும் காலங்களில், அந்நகரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிபாடுகளாக வெளியே தெரிவதையும், மக்கள் திரளாகச் சென்று பார்ப்பதையும் நீங்கள் அறிவீர்கள். இவ்வாறே 1986 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கலிலேயாக் கடல் வரட்சியால் வற்றியிருந்தபோது, மீனவச் சகோதரர் இருவர் சேற்றினுள் ஒரு படகின் விளிம்பைக் கண்டனர். எட்டு மீற்றருக்குச் சற்று அதிகமான நீளமுடைய அப்படகு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பழைமையானது. பன்னிரண்டு வகை மரத்துண்டுகள் அதில் இருந்தன. நல்ல மரம் வாங்க வசதியற்ற ஒருவர், பழைய படகுகளின் பலகைகளைக் கொண்டு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அதனை ஓட்டியிருக்கிறார். பேதுருவும் யோவானும் எத்தகைய படகிலே வலை வீசினர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சித்திரமும் காட்டமாட்டாது.

ஆனால் இப்படகை “இயேசுவின் படகு” என்று அழைப்பவர் உண்டு. அதில் அவர் ஏறினார் என்பதற்கு எவ்விதச் சான்றும் இல்லை. அக்காலத்துப் படகு, அக்கடலிலே ஓடிய படகு, அவ்வளவுதான். பிள்ளைகளிடமும் அவ்வளவே சொல்ல வேண்டும். இந்த எல்லையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதனைச் சொல்வது எனக்குப் பெருமை தருவதன்று, ஆயினும் சொல்கிறேன்.

வகுப்பெடுக்கத் தொடங்கிய புதிதில், நோவாவின் பேழை மலையுச்சியிற் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற துண்டுப்பிரசுரமொன்று என் கைக்கு வந்தது. படமும் இருந்தது. ஆராயாமல் அதனை வகுப்பில் உயர்த்திக் காட்டி, “பார்த்தீர்களா, வேதம் உண்மையென்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது” என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பேழையைக் கண்டதாகக் காலத்துக்குக் காலம் வந்த செய்திகளில் ஒன்றையேனும் தகுதிவாய்ந்த ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்தும், வகுப்பில் அதைத் திருத்திச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். ஆண்டுகள் கழித்து, அவ்வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை சென்ற ஒரு மாணவன் என்னைக் காண வந்தான். “சேர், அந்தப் பேழைப் படம் பொய்யென்று தெரிந்த அன்று, நீங்கள் சொன்ன மற்றவையும் பொய்தானோ என்று நினைத்தேன்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை; தாழ்ந்த குரலிற்றான் சொன்னான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் அந்த வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகள் எல்லோரையும் இனித் தேடிச்சென்று திருத்த என்னால் இயலுமா?

ஆகவே, ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் நான் பணிந்து கூறுவது இதுதான். விசுவாசத்தை நிரூபிப்பதற்காகப் புதைபொருளை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். அது அந்த வேலைக்கு உரியதன்று. அக்காலத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், எதிற் சமைத்தார்கள், எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதை அது காட்டும். காசைத் தேடிய பெண்ணின் விளக்கை அது காட்டும். அவள் மகிழ்ச்சியின் பொருளை நாமேதான் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

சில வேளைகளில் புதைபொருள் நமக்குக் கடினமான கேள்விகளையும் எழுப்பும். எரிகோவில் 1952 முதல் 1958 வரை கத்லீன் கென்யன் அம்மையார் அகழ்வு நடத்தினார். எழுத்துத் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முற்பட்ட மதிலையும் கற்கோபுரத்தையும் அவர் வெளிப்படுத்தினார். ஆனால் யோசுவாவின் காலமென்று பொதுவாகக் கருதப்பட்ட காலத்தில் மதில் சூழ்ந்த நகரம் அங்கு இருந்ததற்கான சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. வளர்ந்த பிள்ளை இதைப்பற்றிக் கேட்டால், மறைக்காமற் சொல்லுங்கள். அறிஞரும் இறையியலாரும் இதுபற்றிப் பலவாறு கருதுகின்றனர் என்பதையும் சொல்லுங்கள். உண்மையைக் கேட்டு வளரும் பிள்ளை, பிற்காலத்தில் ஒரு நூலைப் படித்ததனால் மட்டும் தன் ஆசிரியரை வெறுத்து ஒதுக்கமாட்டாது.

நம் நாட்டிலேயே இதற்கொரு நல்ல பாடம் உண்டு. 1912 ஆம் ஆண்டில் அநுராதபுர அகழ்வின்போது, கருங்கல் தூண் துண்டொன்றில் புடைப்பாகச் செதுக்கப்பட்ட சிலுவை வெளிப்பட்டது. படியமைந்த பீடத்தின்மீது சிலுவை நிற்க, அடியிலிருந்து இரு புறமும் இலைகள் எழுகின்றன. முதலில் அதனைப் போர்த்துக்கேயர் காலத்ததென்றே கருதினார்கள். பின்னர், சென்னைப் பரங்கிமலையிலும் கேரளத்திலும் உள்ள பாரசீகச் சிலுவைகளோடு ஒப்புநோக்கிய அறிஞர்கள், அது பாரசீகக் கிறிஸ்தவருடையதாக இருக்க வேண்டும் என விளக்கினர். ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற கிரேக்க எழுத்தாளர், இத்தீவிலே பாரசீகக் கிறிஸ்தவரின் திருச்சபை ஒன்று இருந்ததாகவும், குருவானவர் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்டதாகவும் எழுதிவைத்திருப்பது இவ்விளக்கத்துக்கு வலுவூட்டுகிறது. கிறிஸ்தவம் வெள்ளைக்காரரின் கப்பலிலேதான் இத்தீவுக்கு முதன்முதல் வந்தது என்று எண்ணும் பிள்ளைக்கு இச்சிலுவை வேறொரு செய்தியைச் சொல்லும். கற்றறிந்தோரும் முதலிற் கொண்ட கருத்தைச் சான்று கண்டு மாற்றிக்கொள்வர் என்பதையும் அதே கல் கற்பிக்கும். ஆனால் “நாங்களே முன்னர் வந்தோம்” என்று பிறரோடு வழக்காடுவதற்கு அதனை எடுத்துவிடாதீர்கள். பழங்கற்களை அவ்வாறு ஆயுதமாக்கியதன் துன்பத்தை இந்நாடு போதுமளவு கண்டிருக்கிறது. நம் மலைச்சாரலிலே, அம்பகமுவவில், சிவனொளிபாதமலை செல்லும் யாத்திரிகருக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்கச் செய்த ஏற்பாடுகளை முதலாம் விஜயபாகு மன்னன் கல்லிற் பொறித்திருக்கிறான். வழிநடப்போருக்கு அன்னமிடும் அறத்தை எந்தச் சமயத்துப் பிள்ளையும் அங்கே படித்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டுமே என்று தோட்டத்து ஆசிரியர் கேட்கலாம். அதிகம் வேண்டியதில்லை. குயவரிடம் ஓர் அகல் வாங்குங்கள். வகுப்பறைக் கதவை அடைத்து, அந்த ஒரு விளக்கின் ஒளியில் காசைத் தேடச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள திருகைக் கல்லைக் காட்டுங்கள். இரண்டு பெண்கள் ஏந்திரம் அரைப்பதாக வரும் வேதவசனம் அதனாலேயே விளங்கிவிடும். ஒரு மரப்பெட்டியிலே செம்மண், மணல், சாம்பல் என அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கிலும் ஓடு, மணி, பழங்காசு முதலியவற்றைப் புதைத்து, மேலிருந்து மெதுவாக அகழச் செய்யுங்கள். கீழே கிடப்பது முந்தியது என்ற முதல் விதியை அவர்கள் தம் கைகளாலேயே கற்பார்கள். ஆனால் உண்மையான பழைய இடங்களைத் தோண்ட எவரையும் விடாதீர்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் அதனைத் தடைசெய்கிறது. பழம்பொருள் ஏதும் தென்பட்டால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. இயலுமானால் பிள்ளைகளை ஒருமுறை கம்பளைக்கு அருகேயுள்ள பரடேகவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 2007 ஆம் ஆண்டில் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. பழைய லயக் காம்பராவும், தொழிலாளர் கையாண்ட கருவிகளும் அங்கே காட்சிப்பொருள்களாக இருக்கின்றன.

இறுதியாக ஒன்று கூறி முடிக்கிறேன். கப்பர்நகூம் அறையைப் பற்றிய பாடம் முடிந்து சில வாரங்களுக்குப் பின்னர், வீட்டிலுள்ள மிகப் பழைய பொருளைக் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் கூறினேன். பித்தளைச் செம்பு, தேய்ந்த அம்மிக்குழவி, பழைய பிறப்புச் சான்றிதழ் என்று பலவும் வந்தன. பகலில் விளக்கு வேண்டும் என்று சொன்ன பையன், தன் பாட்டனாரின் கவ்வாத்துக் கத்தியைத் துணியிற் சுற்றிக் கொண்டுவந்தான். தீட்டித் தீட்டி அலகு பாதியாகக் குறைந்திருந்தது. கைப்பிடியில் விரல்கள் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. அதனை மேசைமேல் வைத்துவிட்டு, “இதையும் ஒருநாள் ஆராய்ச்சி பண்ணுவாங்களா சேர்?” என்று கேட்டான்.

“அதற்காக நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? இன்றைக்கே தொடங்குவோம்” என்றேன். அது எந்தத் தோட்டத்துக் கத்தி, யார் கையில் இருந்தது, அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டு எழுத ஆரம்பித்தோம். பாட்டனாரின் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெயரையே முதல் வரியாக எழுதினோம்.